பேக்கப் இருக்கு, சரி. ஃபைல் வருமா?

மக்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்ககிட்ட பேக்கப் இருக்கா? நம்ம கிளாஸ்ல கேட்டா நிறைய பேர் "இருக்கே"ன்னு சொல்வாங்க. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி, கூகுள் டிரைவ்ல ஒரு காப்பி, ரூம் மேட் பென்டிரைவ்ல ஒரு காப்பி. ரொம்ப நல்லது. அடுத்த கேள்வி: அதுலேர்ந்து கடைசியா எப்போ ஒரே ஒரு ஃபைலை வெளிய எடுத்துத் திறந்து பார்த்தீங்க? இங்கதான் கிளாஸ் அமைதியாகிடும்.

எட்டாவது செமஸ்டர்ல நம்ம கையில இருக்கிறதை எண்ணிப் பாருங்க. ப்ராஜெக்ட் ரிப்போர்ட், சோர்ஸ் கோட், மாசக்கணக்கா சேர்த்த டேட்டாசெட், பிளேஸ்மென்ட்டுக்கு ஸ்கேன் பண்ணின சர்டிஃபிகேட். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி லேப்டாப் முழுசா செத்துப்போறது அபூர்வம்தான். அதைவிட அடிக்கடி நடக்கிறது சின்ன விஷயம். நாலாவது சேப்டர் மட்டும் காணாமப் போயிருக்கும். டீம்ல ஒருத்தர் பழைய ஃபைலைப் புது ஃபைல் மேல சேவ் பண்ணியிருப்பார். ஒரு ஃபோல்டரை இழுத்து எங்கயோ போட்டிருப்போம். வடிவேலு கிணற்றைக் காணோம்னு ஸ்டேஷனுக்குப் போன கதைதான்: நேத்து இருந்தது, இன்னைக்கு இல்லை.

அதனால இந்தக் கட்டுரை பேக்கப் எடுக்கிறது பற்றி இல்லை. எடுத்த பேக்கப்லேர்ந்து ஒரு ஃபைலையோ ஒரு ஃபோல்டரையோ மட்டும், மத்ததைக் கெடுக்காம எப்படித் திரும்ப எடுக்கிறதுன்னு பார்க்கப் போறோம்.

சாவியைப் போட்டுத் திருகிப் பார்க்கணும்

நம்ம ஊர் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது தெரியும். பூட்டு வாங்குறவங்க எடையைப் பார்ப்பாங்க, விலையைப் பேசுவாங்க, அப்புறம் சாவியைப் போட்டு ரெண்டு தடவை திருகிப் பார்ப்பாங்க. உபரி சாவியையும் போட்டுப் பார்ப்பாங்க. திருகிப் பார்க்காத உபரி சாவி வெறும் இரும்புத் துண்டு. ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப்பும் அப்படித்தான்.

இது சின்னப் பசங்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம்னு நினைக்காதீங்க. உலகம் முழுக்க டெவலப்பர்கள் தங்களோட கோடை வச்சிருக்கிற கம்பெனி கிட்லேப். 2017 ஜனவரி 31-ம் தேதி அங்க ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை டெலீட் பண்ணிட்டார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்துல 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கேன்னு போய்ப் பார்த்தா, வச்சிருந்த அஞ்சு வழியில ஒண்ணுகூட ஒழுங்கா வேலை செய்யலை. தினசரி பேக்கப் எடுக்கிற சாஃப்ட்வேரோட வெர்ஷனும் டேட்டாபேஸ் வெர்ஷனும் ஒத்துப்போகாம, அது பல நாளா சத்தமில்லாம ஃபெயில் ஆகிட்டு இருந்திருக்கு. ஃபெயில் ஆனா மெயில் வரணும்னு ஏற்பாடு இருந்தது. அந்த மெயிலும் ரிஜெக்ட் ஆகியிருந்தது. கடைசியில கைகொடுத்தது, வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி ஒருத்தர் கையால எடுத்து வச்சிருந்த ஒரு ஸ்னாப்ஷாட். அதை வச்சு சைட்டை மறுபடி எழுப்ப சுமார் 18 மணி நேரம் ஆச்சு. நடந்ததை அந்தக் கம்பெனி மறைக்காம முழுசா எழுதி வெளியிட்டதாலதான் இன்னைக்கு நாம படிக்க முடியுது.

இதுல ரெண்டு எண்ணைக் குறிச்சுக்கோங்க. 6 மணி நேரம்: எவ்வளவு வேலை போச்சு. 18 மணி நேரம்: திரும்ப வர எவ்வளவு நேரம் ஆச்சு. எந்த பேக்கப்பையும் இந்த ரெண்டு எண்ணால அளக்கலாம். நாளைக்குக் காலைல 10 மணிக்கு ரிவ்யூன்னா, 12 மணி நேரம் டவுன்லோடு ஆகிற பேக்கப் உங்களுக்கு இல்லாத மாதிரிதான்.

ரெக்கவரி வேற, ரீஸ்டோர் வேற

ரெண்டையும் நாம ஒண்ணாவே பேசுறோம். ரெக்கவரின்னா, காப்பியே இல்லாம, டிஸ்க்ல மிச்சமிருக்கிற தடயத்தை வச்சு டெலீட் ஆன ஃபைலைத் தோண்டி எடுக்கிறது. ரீஸ்டோர்னா, ஏற்கெனவே பத்திரமா இருக்கிற காப்பிலேர்ந்து எடுக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்ல ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓரளவு வேலை செய்யும். இப்போ நம்ம லேப்டாப்ல இருக்கிற எஸ்எஸ்டில, டெலீட் பண்ணின இடத்தை 'ட்ரிம்'ங்கிற கட்டளை மூலமா டிரைவே துடைச்சு வச்சுக்கும். அங்க தோண்டினாலும் பெரும்பாலும் ஒண்ணும் கிடைக்காது. அதனால "ஏதாவது சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கலாம்"ங்கிற நம்பிக்கையை விட்டுடுங்க.

முதல்ல எங்க தேடணும்?

பதறாம, பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு தூரத்துக்குப் போங்க. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கெடு இருக்கு. அதுதான் முக்கியம்.

முதல் இடம் ரீசைக்கிள் பின். ஆனா ஷிஃப்ட் டெலீட் பண்ணினது அங்க இருக்காது. பென்டிரைவ்ல டெலீட் பண்ணினதும் அங்க வராது.

ரெண்டாவது, கூகுள் டிரைவ் டிராஷ். 30 நாள் கழிச்சு அதுவா அழிஞ்சிடும். ஒன்டிரைவ்ல சொந்த அக்கவுன்ட்னா 30 நாள். காலேஜ் அல்லது ஆபீஸ் அக்கவுன்ட்னா வழக்கமா 93 நாள்.

மூணாவது, ஃபைல் இருக்கு, ஆனா உள்ள இருக்கிறது போச்சுன்னா வெர்ஷன் ஹிஸ்டரி. கூகுள் டிரைவ்ல நீங்க அப்லோடு பண்ணின வேர்டு, பிடிஎஃப் மாதிரி ஃபைல்களுக்குப் பழைய வெர்ஷன் 30 நாள் வரைக்கும் அல்லது 100 வெர்ஷன் வரைக்கும் இருக்கும். முக்கியமான வெர்ஷனை அழியாம வைக்கச் சொல்லவும் ஒரு ஆப்ஷன் இருக்கு. கூகுள் டாக்ஸ்லயே டைப் பண்ணினதுன்னா அதோட வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறங்க. அங்க உடனே 'இந்த வெர்ஷனை ரீஸ்டோர் செய்' பட்டனை அழுத்தாதீங்க. டீம்ல மத்தவங்க அதுக்கப்புறம் எழுதினதெல்லாம் கண்ணை விட்டுப் போயிடும். 'மேக் எ காப்பி' போட்டு, தேவையான பத்தியை மட்டும் எடுத்துக்கோங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ரெண்டும் லேப்டாப்ல ஓடும்போது பண்றது சிங்க். இங்க டெலீட் பண்ணினா அங்கயும் டெலீட் ஆகும். இங்க கெட்டுப்போன ஃபைல் அங்கயும் போய் உட்கார்ந்துக்கும். சிங்க் ஒரு கண்ணாடி மாதிரி. நீங்க முகத்தைச் சுளிச்சா அதுவும் சுளிக்கும். உங்களைக் காப்பாத்துறது அதுல இருக்கிற டிராஷும் வெர்ஷன் ஹிஸ்டரியும்தான். அதுக்குத்தான் மேல சொன்ன கெடு.

ஆறு படி

மேல சொன்ன இடத்துல கிடைக்கலை, பேக்கப்புக்குத்தான் போகணும்னா, எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் இந்த ஆறு படி மாறாது.

1. நிறுத்துங்க. சிங்க்கை பாஸ் பண்ணுங்க. ஃபைல் காணாமப் போன டிரைவ்ல புதுசா எதையும் சேவ் பண்ணாதீங்க, இன்ஸ்டால் பண்ணாதீங்க.

2. எழுதுங்க. ஒரு பேப்பர்ல மூணு விஷயம்: ஃபைலோட பேர், அது எந்த ஃபோல்டர்ல இருந்தது, கடைசியா எந்தத் தேதியில நல்லா இருந்ததுன்னு உறுதியாத் தெரியும். இந்த மூணாவதுதான் உயிர். தேதி தெரியாம பேக்கப்பைத் திறந்தா கெட்டுப்போன காப்பியையே திரும்ப எடுத்துட்டு வருவீங்க.

3. சரியான தேதியைக் கண்டுபிடிங்க. எப்போ கெட்டுப்போச்சுன்னே தெரியலையா? ரெண்டாம் வருஷம் படிச்ச பைனரி சர்ச்சை இங்க போடுங்க. 60 நாள் பேக்கப் இருந்தா நடுவுல 30-ம் நாளோடதைத் திறங்க. நல்லா இருந்தா அதுக்கப்புறம் தேடுங்க. கெட்டிருந்தா அதுக்கு முன்னாடி தேடுங்க. ஒரு தடவை கெட்ட ஃபைல் தானா சரியாகாதுங்கிறதால இந்த வழி பலிக்கும். 60 காப்பியையும் திறக்க வேண்டாம், ஆறு தடவைல முடிஞ்சிடும்.

4. பக்கத்துல எடுங்க. ஒரிஜினல் இடத்துல ரீஸ்டோர் பண்ணாதீங்க. 'மீட்பு' மாதிரி ஒரு சின்னப் பேர்ல புது ஃபோல்டர் போட்டு அங்க எடுங்க. டிரைவோட மேல்மட்டத்துலயே இருக்கட்டும். விண்டோஸ்ல பழைய சாஃப்ட்வேர்களுக்கு ஃபைலோட முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா ஆழமா ரீஸ்டோர் பண்ணினா பாதி ஃபைல் காப்பி ஆகாம நின்னுடும்.

5. திறந்து பாருங்க. பேர் வந்துட்டா ஃபைல் வந்துட்டதா அர்த்தம் இல்லை. சைஸ் பூஜ்யமா இருக்கான்னு பாருங்க. ரிப்போர்ட்னா கடைசிப் பக்கம் வரைக்கும் போங்க. கோடுன்னா ஒரு தடவை ரன் பண்ணுங்க. டேட்டாசெட்னா எத்தனை வரிசை இருக்குன்னு எண்ணுங்க.

6. அதுக்கப்புறம் இடம் மாத்துங்க. கெட்டுப்போன ஃபைலையும் உடனே தூக்கிப்போடாம, பேரை மாத்தி ஒரு வாரம் வச்சிருங்க. அதுல மட்டும் இருக்கிற ரெண்டு பத்தி பின்னாடி தேவைப்படலாம்.

இந்த ஆறுல ஒண்ணை மட்டும்தான் ஞாபகம் வைப்பேன்னா, நாலாவதை வைங்க. பக்கத்துல எடுங்க.

எந்த வகை பேக்கப், எப்படி எடுக்கிறது?

விண்டோஸ்ல 'ஃபைல் ஹிஸ்டரி'ன்னு ஒண்ணு விண்டோஸ் 8-லேர்ந்து இருக்கு. தானா ஆன் ஆகாது, கன்ட்ரோல் பேனல் போய் நாமதான் ஆன் பண்ணணும். எக்ஸ்டர்னல் டிஸ்க் சொருகியிருந்தா மணிக்கு ஒரு தடவை மாறின ஃபைலை மட்டும் காப்பி எடுக்கும். ஒரு ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ்ல 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்' பார்த்தா தேதிவாரியா வரும். ரீஸ்டோர் பட்டன் பக்கத்துலயே 'ரீஸ்டோர் டு'ன்னு இருக்கும். நாலாவது படிக்கு அதுதான் வழி. லேப்டாப்பே போயிட்டாலும் பயமில்லை. அந்த டிஸ்க்கை வேற கம்ப்யூட்டர்ல சொருகி, ஃபைல் ஹிஸ்டரி ஃபோல்டரைத் திறந்தா, ஒவ்வொரு ஃபைலும் பேரோட தேதியும் நேரமும் ஒட்டிக்கிட்டு சாதாரண ஃபைலாவே இருக்கும். ஆனா அந்த நேரம் யுடிசி. நம்ம நேரம் வேணும்னா 5 மணி 30 நிமிஷம் கூட்டிக்கணும். ராத்திரி 1 மணிக்கு சேவ் பண்ணின ஃபைல் அங்க முந்தின நாள் தேதியில இருக்கும். "இன்னைக்குத் தேதியில ஒண்ணுமே இல்லையே"ன்னு கையை விரிச்சிடாதீங்க.

முழு டிஸ்க்கையும் 'சிஸ்டம் இமேஜ்' எடுத்து வச்சிருந்தா, ஒரு ஃபைலுக்காக லேப்டாப்பையே பழைய நிலைக்குக் கொண்டு போக வேண்டியதில்லை. அந்த இமேஜ் உள்ள ஒரு விஎச்டிஎக்ஸ் ஃபைல் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல 'அட்டாச் விஎச்டி' குடுத்து, 'ரீட் ஒன்லி' டிக் பண்ணினா, அது தனி டிரைவ் மாதிரி வந்து நிக்கும். வேண்டிய ஃபைலை மட்டும் காப்பி பண்ணிட்டு டிட்டாச் பண்ணிடலாம்.

லினக்ஸ் போட்டவங்களுக்கு ஒரு முக்கியமான தகவல். 'டைம்ஷிஃப்ட்' ஆன்ல இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க. அது சிஸ்டம் ஃபைலுக்கானது. நம்ம ஹோம் ஃபோல்டரை அது வழக்கமா சேர்க்காது. உங்க ரிப்போர்ட் அதுல இருக்காது. உபுன்டுல 'டேஜா டூப்'ங்கிற பேக்கப் கருவிதான் உங்க ஃபைலைப் பார்த்துக்கும். அதுல தேதியைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஃபைலை மட்டும் வேற ஃபோல்டருக்கு எடுக்கலாம்.

கையால ஜிப் போட்டு வைக்கிறவங்கதான் நம்மள்ல அதிகம். ஜிப்போட கடைசியில ஒரு அட்டவணை இருக்கும்: எந்த ஃபைல் எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு. அதனாலதான் பெரிய ஜிப்லேர்ந்தும் ஒரு ஃபைலைச் சட்டுனு எடுக்க முடியுது. ஆனா காப்பி பாதியில நின்னுட்டா முதல்ல போறது அந்தக் கடைசிப் பகுதிதான். அப்போ முழு ஜிப்பும் திறக்காது. ஜிப்பை ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தினதும், அங்கேர்ந்து ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்றது இதுக்காகத்தான். லினக்ஸ் டார் ஃபைல் வேற மாதிரி. அதுல இப்படி அட்டவணை கிடையாது. சுருக்கின டார்லேர்ந்து ஒரு ஃபைல் வேணும்னா ஆரம்பத்துலேர்ந்து படிச்சுட்டே வரணும். கொஞ்சம் பொறுமையா இருங்க.

ஞாயித்துக்கிழமை முழு பேக்கப், மத்த நாள் மாறினது மட்டும்னு எடுக்கிறதை இன்கிரிமென்டல்னு படிச்சிருப்போம். வியாழக்கிழமை நிலையில ஒரு ஃபைல் வேணும்னா, வியாழக்கிழமை பேக்கப்ல அது இல்லாம இருக்கலாம். ஏன்னா அன்னைக்கு அது மாறலை. புதன், செவ்வாய், திங்கள்னு பின்னாடி போங்க. முதல்ல எங்க கிடைக்குதோ அதுதான் வியாழக்கிழமை நிலை. சாஃப்ட்வேர் இதைத் தானா பண்ணிடும். கையால எடுத்திருந்தா நாமதான் நடக்கணும்.

கோடுக்கு கிட் இருக்கிறவங்க பாக்கியசாலிங்க. ஒரே ஃபைலைப் பழைய கமிட்லேர்ந்து எடுக்க 'கிட் ரீஸ்டோர்' கட்டளை 2019-லேர்ந்து இருக்கு. சோர்ஸ்னு பழைய கமிட் எண்ணைக் குடுத்து, ஃபைல் பேரைக் குடுத்தா போதும். மத்த ஃபைல் எதையும் தொடாது. ஆனா அந்த ஃபைல்ல கமிட் பண்ணாம வச்சிருக்கிற மாற்றம் எல்லாம் போயிடும். அதனால இங்கயும் முதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க.

ஃபோல்டரா இருந்தா

ஃபைலை விட ஃபோல்டர் சிக்கலானது. பழைய ஃபோல்டரை இப்போ இருக்கிற ஃபோல்டர் மேலயே ரீஸ்டோர் பண்ணினா மூணு விஷயம் ஒரே நேரத்துல நடக்கும். பேக்கப்ல மட்டும் இருக்கிற ஃபைல் உள்ள வரும். அதுல நீங்க வேணும்னே டெலீட் பண்ணினதும் உயிரோட எழுந்து வரும். இப்போ மட்டும் இருக்கிற புது ஃபைல் அப்படியே இருக்கும். ரெண்டுலயும் இருக்கிற ஃபைல் பழைய நிலைக்குப் போயிடும். கடைசியா சொன்னதுதான் ஆபத்து. காணாமப் போன ஒரு படத்துக்காக ஃபோல்டரை ரீஸ்டோர் பண்ணி, நேத்து ராத்திரி முழிச்சு எழுதின சேப்டரை இழந்துடுவோம்.

வழி அதேதான். ஃபோல்டரைப் பக்கத்துல எடுங்க. 'வின்மெர்ஜ்', லினக்ஸ்ல 'மெல்ட்' மாதிரி கருவியில ரெண்டு ஃபோல்டரையும் எதிரெதிரே வச்சுப் பாருங்க. எது வேணுமோ அதை மட்டும் நகர்த்துங்க. கோடு ஃபோல்டர்னா மறைஞ்சிருக்கிற ஃபைல்களும் வந்திருக்கான்னு பாருங்க. பேர் புள்ளியில ஆரம்பிக்கிற செட்டிங்ஸ் ஃபைல் பாதி நேரம் காப்பில விட்டுப்போயிருக்கும். அப்புறம் "எல்லாம் இருக்கு, ஆனா ரன் ஆகலை"ன்னு தலையைச் சொறியணும்.

முழுசாத்தான் தருவேன்னு அடம்பிடிக்கிற பேக்கப்

சில பேக்கப்லேர்ந்து ஒரு துண்டை மட்டும் எடுக்க முடியாது. வாட்ஸ்அப் அப்படித்தான். ஒரே ஒரு சாட்டை மட்டும் ரீஸ்டோர் பண்ண வழியில்லை, முழுசையும்தான் கொண்டு வரணும்.

நம்ம வீட்டுக் கடை கணக்கு இருக்கிற டேலியும் இதே வகை. சின்னாளபட்டி சேலைக் கடையோ ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டியோ, கணக்கு எழுதுறவர் லீவுன்னா "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிக்கிறல்ல, இதைக் கொஞ்சம் பாரு"ன்னு நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. போன மாச பில் ஒண்ணு டெலீட் ஆகிடுச்சு, பேக்கப் இருக்குன்னு வச்சுப்போம். நேரா டேட்டா மெனு போய் ரீஸ்டோர் குடுத்து, கம்பெனி இருக்கிற அதே இடத்தைக் காட்டினா, இந்த மாசக் கணக்கு மேல போன மாசக் கணக்கு உட்கார்ந்துடும். ஒரு பில்லுக்காக ஒரு மாசக் கணக்கு போயிடும். அது அப்பாவோ சித்தப்பாவோ ராத்திரி கடையடைச்சுட்டு உட்கார்ந்து போட்ட கணக்கு.

பண்ண வேண்டியது: முதல்ல இப்போ இருக்கிற நிலையில ஒரு பேக்கப் எடுங்க. அப்புறம் வேற ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, பழைய பேக்கப்பை அங்க ரீஸ்டோர் பண்ணுங்க. அங்கேர்ந்து அந்தப் பழைய கம்பெனியைத் திறந்து, வேணுங்கிற பில்லைப் பார்த்து, இப்போ இருக்கிற கணக்குல சேருங்க. முழுசா மட்டுமே தர்ற எந்த பேக்கப்புக்கும் இதுதான் வழி: வேற இடத்துல முழுசா எழுப்பி, தேவையானதை மட்டும் எடுத்துட்டு வர்றது.

தமிழ் ஃபைல்னா கூடுதல் கவனம்

தமிழ் மன்ற விழா மலர், பட்டிமன்ற ஸ்கிரிப்ட், பழைய ஆண்டு மலர்னு நம்மகிட்ட தமிழ் ஃபைல் நிறைய இருக்கு. ரீஸ்டோர் பண்ணித் திறந்தா சம்பந்தமே இல்லாத இங்கிலீஷ் எழுத்தா வந்தா, உடனே ஃபைல் கெட்டுப்போச்சுன்னு டெலீட் பண்ணிடாதீங்க. அது பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சதா இருக்கும். ஃபான்ட்டைப் போட்டா சரியாகிடும். அப்புறம் ஒரு கன்வெர்ட்டர்ல யூனிகோடுக்கு மாத்திக்கலாம். பிரஸ்ல அடிக்கக் குடுத்த ஃபைலை பேக்கப் எடுக்கும்போது அந்த ஃபான்ட்டையும் சேர்த்து வைங்க.

ஃபைல் பேரே தமிழ்ல இருந்தா இன்னொரு சிக்கல். பழைய ஜிப் சாஃப்ட்வேர் தமிழ்ப் பேரைக் கேள்விக்குறியாவும் பூச்சியாவும் மாத்திடும். உள்ள இருக்கிறது பத்திரமாத்தான் இருக்கும், வேற சாஃப்ட்வேர்ல திறந்து பாருங்க. இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது. யூனிகோடுல 'கொ', 'கோ' மாதிரி எழுத்தை ரெண்டு விதமா எழுதலாம். துணைக்குறி ஒரே துண்டா இருக்கலாம், ரெண்டு துண்டாவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. பழைய மேக் டிஸ்க் பேரைத் துண்டாக்கிச் சேமிக்கும். அங்கேர்ந்து வந்த 'கோலம்'ங்கிற ஃபைலை விண்டோஸ்ல தேடினா கிடைக்காம போகலாம், இல்லைன்னா ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் நிக்கலாம். அப்போ பேரை வச்சுத் தேடாம தேதியை வச்சுத் தேடுங்க.

திரும்ப வராதது

பல காப்பியை எதிரெதிரே வச்சு, எது சரின்னு பார்த்து, இழந்ததை மீட்கிற வேலை கம்ப்யூட்டரோட வந்தது கிடையாது. உ.வே. சாமிநாதையர் சங்க நூல்களுக்கு இதைத்தான் பண்ணினார். ஊர் ஊராப் போய் ஏட்டுச்சுவடிகளைத் தேடி, ஒரே நூலோட பல பிரதிகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறிச்சுப் பதிப்பிச்சார். புறநானூறு 1894-ல வந்தது. பதிற்றுப்பத்து 1904-ல வந்தது. பதிற்றுப்பத்துல மொத்தம் பத்துப் பத்து. ஒவ்வொண்ணுலயும் பத்துப் பாட்டு. நம்ம பாஷைல பத்து ஃபோல்டர், நூறு ஃபைல். முதல் ஃபோல்டரும் கடைசி ஃபோல்டரும் எந்தச் சுவடியிலயும் கிடைக்கலை. பழைய உரைகள்ல மேற்கோளா வந்த சில பாட்டு மட்டும் அதைச் சேர்ந்ததுன்னு அடையாளம் கண்டிருக்காங்க. மத்தது போனது போனதுதான். எவ்வளவு பெரிய அறிஞர் தேடினாலும், இல்லாத காப்பிலேர்ந்து எதையும் எடுக்க முடியாது.

1981 ஜூன் 1 ஆரம்பிச்ச அந்த ராத்திரியில எரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் நூலகத்துலயும் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போச்சு. வேற எங்கயும் பிரதி இல்லாத சுவடிகளும் அதுல இருந்தது. ஒரே கூரைக்குக் கீழ எல்லாத்தையும் வைக்கிறதுல இருக்கிற ஆபத்து இதுதான். 2005-ல தொடங்கின நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஸ்கேன் பண்ணி இணையத்துல வைக்கிற வேலையைச் செய்யுது.

நம்ம காலத்துக்கு வந்தா, 2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில ரான்சம்வேர் தாக்குச்சு. அஞ்சு சர்வர், சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டது. ஓபி சீட்டுலேர்ந்து எல்லாத்தையும் கையால எழுத வேண்டியதாப் போச்சு. ஆனா பாதிக்கப்படாம இருந்த ஒரு பேக்கப் சர்வர்லேர்ந்து இ-ஹாஸ்பிட்டல் டேட்டாவைப் புது சர்வருக்கு மீட்டாங்க. பெரும்பாலான வேலைகள் திரும்ப ஓட ரெண்டு வாரம் ஆச்சு. இதுல கவனிக்க வேண்டிய வார்த்தை 'பாதிக்கப்படாம'. எப்பவும் லேப்டாப்ல சொருகியே இருக்கிற ஹார்ட் டிஸ்க்கும் லேப்டாப்போட சேர்ந்தே பூட்டப்படும். காப்பி முடிஞ்சதும் கழட்டி வைங்க. முடிஞ்சா ஒண்ணு ஹாஸ்டல்ல, ஒண்ணு வீட்டுல.

ஃபைனல் இயர் மக்களுக்கு இன்னொரு கெடுவும் இருக்கு. காலேஜ் மெயில் ஐடி நாம படிச்சு முடிச்சப்புறம் எத்தனை நாள் உயிரோட இருக்கும்னு நம்ம கையில இல்லை. நாலு வருஷ டிரைவும் அதுலதான் இருக்கு. 'கூகுள் டேக்அவுட்' போட்டு இப்பவே இறக்கி வைங்க. அது பல ஜிப்பா பிரிஞ்சு வரும். ஒவ்வொண்ணும் தனித்தனியாத் திறக்கும், ஆனா ஒரே ஃபோல்டர் ரெண்டு ஜிப்ல பிரிஞ்சிருக்கலாம். ஒரு ஃபைல் முதல் ஜிப்ல இல்லைன்னா அடுத்ததையும் பார்க்காம விடாதீங்க.

இன்னைக்கு 15 நிமிஷம்

இவ்வளவு படிச்சாச்சு. இப்போ ஒரு லேப் எக்ஸர்சைஸ், மார்க் கிடையாது. உங்க ப்ராஜெக்ட்ல எந்த ஃபைல் போனா அழுகை வருமோ, அந்த ஃபைலை மனசுல வைங்க. லேப்டாப்ல இருக்கிறதைத் தொடாதீங்க. உங்க பேக்கப்பைத் திறந்து, ஒரு வாரம் முன்னாடி இருந்த அதே ஃபைலை 'மீட்பு' ஃபோல்டருக்கு எடுங்க. திறந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பாருங்க. மணி பார்த்துக்கோங்க, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஹார்ட் டிஸ்க் கவருக்குள்ள வைங்க. எந்த இடத்துல சிக்கினீங்களோ அதையும் எழுதுங்க: பாஸ்வேர்டு மறந்துச்சா, தேதி குழம்புச்சா, அந்த ஃபோல்டரே பேக்கப்ல இல்லையா.

இல்லைன்னு தெரிஞ்சா கவலைப்படாதீங்க, சந்தோஷப்படுங்க. ஒரிஜினல் இன்னும் லேப்டாப்ல இருக்கும்போதே தெரிஞ்சிருக்கு. இப்பவே ஒரு காப்பி எடுத்து, நாளைக்கு மறுபடி இதே 15 நிமிஷத்தைச் செலவு பண்ணுங்க. முடிச்சப்புறம் ப்ராஜெக்ட் டீம்ல மத்த மூணு பேரையும் அதையே பண்ணச் சொல்லுங்க.